"வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் பக் போகாது

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில், அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம் என்று திறந்துவைத்த மென்பொருளில், ஏதாவது பக் (பிழை) வந்து மக்கர் செய்தால் நம் ஆட்கள் பெரும்பாலும் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் புலம்புவார்கள், இல்லையென்றால் அந்த நிரலை வைத்துப் புகார்களையும் வாங்கும் கிட்ஹப் தளத்தில் "நாட் வொர்க்கிங், ப்ளீஸ் ஃபிக்ஸ்" என்று ஒரு வரி போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். புலம்பலால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த ஒரு வரியைப் படிக்கிறவர்தான் பாவம், பல நேரம் வேறு ஏதோ நாட்டில் பகல் வேலையை முடித்துவிட்டுச் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

சிங்கப்பூரில் மட்டும் தலைகாட்டும் ஒரு பக்கைச் சொல்கிறேன். ஊழியர் விவரங்களைப் பதியும் மென்பொருள் ஒன்று, சிலருடைய பிறந்த தேதியை மட்டும் ஒரு நாள் முன்னதாகக் காட்டுகிறது. "தேதி தப்பாக வருகிறது" என்று எழுதினால் ஜெர்மனியில் இருக்கும் டெவலப்பர் நாலு தேதியைப் போட்டுப் பார்ப்பார், எல்லாம் சரியாக வரும், "இங்கே அப்படி வரவில்லையே" என்று சொல்லி மூடிவிடுவார். அவர் மேல் குற்றமில்லை. யார் யாருக்குத் தப்பாக வருகிறது என்று நாம் கொஞ்சம் துழாவினால், எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். இன்னும் நெருங்கினால் கோடு 1982 தொடக்கத்தில் விழுகிறது. அந்த ஜனவரியில்தான் சிங்கப்பூர், மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணி முன்னால் இருந்த நாம் எட்டு மணி முன்னால் போனோம். மென்பொருளின் ஒரு பகுதி எப்போதுமே எட்டு மணிதான் என்று நினைத்து நள்ளிரவைச் சேமிக்கிறது, இன்னொரு பகுதி பழைய தேதிக்கு ஏழரை என்று சரியாகவே கணக்குப் போடுகிறது, நள்ளிரவு 12 மணி முந்தைய நாள் இரவு 11.30 ஆகிவிடுகிறது.

இந்தக் காரணமெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. "நேர மண்டலம் சிங்கப்பூர். 1981 ஜூன் 15 என்று பதிந்தேன், 14 என்று காட்டுகிறது. 1982 ஜூன் 15 சரியாக வருகிறது. பதிப்பு இது, பிரவுசர் இது." இவ்வளவு போதும், டெவலப்பர் தன் கணினியிலேயே அதை வரவழைத்துவிடுவார். எளிய ஆங்கிலம் போதும். சாட்பாட்டைக் கேட்டு இரண்டு பக்கம் எழுதி வாங்கி ஒட்டாதீர்கள். இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் மென்பொருளை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பர்க் 2024 தொடக்கத்திலேயே இந்த மாதிரி வெற்று அறிக்கைகளைப் பற்றி நொந்துபோய் எழுதினார்.

பிழைச் செய்தியைப் படம் பிடித்துப் போடாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள், அப்போதுதான் பின்னால் தேடுகிறவர் கண்ணில் படும். அதற்காக, மென்பொருள் தன் நடவடிக்கைகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பை அப்படியே கொட்டிவிட வேண்டாம். சக ஊழியர்களின் பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருக்கலாம், கிட்ஹப்பை உலகமே பார்க்கிறது, இங்கே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. போலித் தேதி, போலிப் பெயர் போட்டே பக்கைக் காட்டிவிடலாம்.

பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் பொதுவில் எழுதவே கூடாது. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் என்ற டெவலப்பர், தொலைவிலிருக்கும் கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று நோண்டப் போய், எக்ஸ்இசட் என்ற கோப்பு சுருக்கும் கருவிக்குள் யாரோ ஒளித்துவைத்த பின்கதவை, அதாவது திருட்டுத்தனமாக நுழையும் வழியை, கண்டுபிடித்தார். முதலில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாகத்தான் சொன்னார், ஊருக்குச் சொன்னது அப்புறம்.

சரி, புது வசதி கேட்பது? இங்கேதான் நாம் ரொம்பவே சொதப்புகிறோம். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கட்டாயமாக இருக்கும் படிவத்தில் சிங்கப்பூர்த் தமிழர் என்ன எழுதுவார்? அடையாள அட்டையில் எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ (இன்னாரின் மகள்) என்று சாய்கோடு வேறு, அதைப் படிவம் ஏற்காது. "எஸ்/ஓ போட ஒரு கட்டம் கொடுங்கள்" என்று கேட்டால் மறுத்துவிடுவார்கள், நியாயம்தான், ஒரு ஊர் வழக்கத்துக்காக ஒரு கட்டத்தைச் சேர்த்தால் அதைக் காலம் முழுக்கப் பராமரிக்கப் போவது அவர்கள்தானே. தீர்வைக் கையில் கொடுக்காமல் பிரச்சினையைச் சொல்லுங்கள்: எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயரைத்தான் சேர்க்கிறோம், சாய்கோடு மறுக்கப்படுகிறது, இப்போதைக்கு அதை நீக்கிவிட்டு எழுதுவதால் அட்டையில் இருக்கும் பெயரோடு பொருந்துவதில்லை. இப்படி எழுதினால் முழுப் பெயருக்கு ஒரே கட்டம் போதுமே என்று அவர்களே யோசிக்கலாம், ஒற்றைப் பெயர் வைத்திருக்கும் இந்தோனேசியர்களுக்கும் அது உதவும்.

கேட்பதற்கு முன் மூடப்பட்ட பழைய கோரிக்கைகளையும் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே இருந்தால் "எனக்கும் வேண்டும்" என்று கீழே எழுதாமல் அதன் கீழே இருக்கும் கட்டைவிரல் குறியை மட்டும் அழுத்துங்கள்; அந்த மாதிரிக் கருத்துகளின் தொல்லை தாங்காமல் பராமரிப்பாளர்கள் கூட்டாகப் புகார் செய்த பிறகுதான் 2016-இல் கிட்ஹப் அந்த வசதியையே கொண்டுவந்தது.

பதில் வராவிட்டால் சில வாரம் பொறுத்து ஒரு தடவை நினைவூட்டலாம், அதற்குள் புதிய பதிப்பு வந்திருந்தால் அதிலும் சோதித்துப் பார்த்து முடிவையும் சேர்த்து எழுதுங்கள்.