அவதாரம் வேறு, ஊனாதல் வேறு

டிசம்பர் பிறந்துவிட்டால் கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஃபிளெக்ஸ் தட்டிகளில் ஒரே வாசகம்தான்: 'தேவமைந்தன் அவதரித்த நன்னாள்'. அழைப்பிதழிலும் அவதாரம், வாழ்த்து அட்டையிலும் அவதாரம். போன டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் பேசியவர் 'எல்லா மதத்திலும் கடவுள் அவதாரம் எடுக்கிறார், நம் மதத்திலும் எடுத்தார்' என்றே முடித்துவிட்டார். கூட்டமும் கை தட்டியது. கடவுள் மெய்யான மனிதராகவே ஆனார் என்பதுதான் கிறிஸ்தவத்தை மற்ற சமயங்களிலிருந்து பிரித்துக் காட்டும் செய்தி, அதையே அந்த ஒரு வாக்கியம் துடைத்துப் போட்டுவிட்டது. நல்லெண்ணத்தில் சொன்னார் என்பது தெரியும். ஆனாலும் தவறு தவறுதான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் செய்தியை ஆங்கிலத்தில் இன்கார்னேஷன் என்பார்கள், அது இலத்தீன் வழி வந்த சொல். 'காரோ' என்றால் சதை. ஆக, சதையாதல். அதற்கு அடிப்படை யோவான் நற்செய்தி 1:14. அங்கே கிரேக்கத்தில் இருக்கும் சொல் 'சார்க்ஸ்', அதுவும் சதையே. உடல் என்று சொல்ல 'சோமா' என்ற சொல் கிரேக்கத்தில் இருந்தும் யோவான் அதை எடுக்கவில்லை. பழைய தமிழ் வேதாகமம் 'அந்த வார்த்தை மாம்சமாகி' என்று உள்ளபடியே சொன்னது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'வாக்கு மனிதர் ஆனார்' என்கிறது. இரண்டிலும் அவதாரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவதாரம் வடசொல், கீழே இறங்கி வருதல் என்பது அதன் பொருள். வந்தவர் எங்கிருந்து வந்தார் என்பதை அது சொல்கிறது. என்னவாக ஆனார் என்பதைச் சொல்லவில்லை. நமக்குத் தேவையோ அந்த இரண்டாவது செய்திதான்.

'இறங்கி வந்தார் என்பதும் உண்மைதானே, அப்புறம் என்ன தடை?' என்று கேட்பார்கள். அவதாரம் வெறும் சொல் இல்லை. ஒரு பெரிய சமயத்தின் கொள்கை முழுவதையும் சுமந்து நிற்கும் சொல் அது. மீன், ஆமை, பன்றி என்று தொடங்கிப் பத்து அவதாரங்கள், யுகந்தோறும் வருகை. நல்லோரைக் காக்கவும் தீயோரை அழிக்கவும் பிறக்கிறேன் என்று கீதையில் கண்ணன் சொல்கிறான். இயேசு தாம் வந்த காரணமாகச் சொன்னது இதற்கு நேர்மாறு: நீதிமான்களை அல்ல, பாவிகளையே அழைக்க வந்தேன் என்றார். அழிக்கப்பட வேண்டியவர்களைத் தேடித்தான் இந்த வருகை. அதுவும் ஒரே ஒரு தடவை. யுகத்துக்கு ஒன்று என்ற கணக்குக்கு இங்கே இடமே இல்லை.

இன்னும் ஆழமான வேறுபாடு உடம்பில் இருக்கிறது. இராமானுசர் வழி வைணவத்தில் அவதாரத் திருமேனி நம் உடம்பைப் போன்றதன்று. முக்குணம் கலந்த பிரகிருதியால், அதாவது இவ்வுலக மூலப்பொருளால் ஆகாத, சுத்த சத்துவமான (கலப்பற்ற தூய) மேனி. கர்மத்தால் வந்த உடம்பும் அன்று. கிறிஸ்தவத் திருச்சபை 451இல் பேராயர்கள் கூடிய கல்சேதோன் சங்கத்தில் அறிக்கையிட்டது வேறு: இயேசு மெய்யாகவே கடவுள், மெய்யாகவே மனிதர், பாவம் ஒன்று நீங்கலாக எல்லாவற்றிலும் நம்மைப் போன்றவர். பசித்தது, களைத்தார், அழுதார், ஆணி அடித்தபோது வலித்தது, செத்தார். உயிர்த்தெழுந்த பிறகும் 'என்னைத் தொட்டுப்பாருங்கள், எனக்கு மாம்சமும் எலும்புகளும் உண்டு' என்றார், மீனும் சாப்பிட்டார். எடுத்த உடம்பை வேலை முடிந்ததும் கழற்றி வைக்கவில்லை, இன்றும் மனிதராகவே இருக்கிறார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. அவதாரம் என்று எழுதினால் நன்கு படித்த வைணவருக்கும் இது பிழையாகத்தான் படும். அவருடைய சொல்லையும் நாம் கெடுக்கிறோம்.

கொங்கு நாட்டில் இந்தச் சொல் பொருந்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது பெரிதும் சிவன் மண். அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாங்கூடலூர் என்று பாடல் பெற்ற ஏழு தலங்கள் இங்கே. சைவ சித்தாந்தி சிவனுக்குப் பிறப்பில்லை என்பார். சிலப்பதிகாரம் சொல்லும் 'பிறவா யாக்கைப் பெரியோன்'. அப்படிப்பட்டவரிடம் 'கடவுள் பிறந்தார், தாயிடம் பால் குடித்தார்' என்று சொன்னால் திடுக்கிடுவார். திடுக்கிட வேண்டும், கிறிஸ்தவம் சொல்வது அவ்வளவு திடுக்கிட வைக்கும் செய்திதான். அவதாரம் என்ற பழகிய சொல்லைப் போட்டால் அந்தத் திடுக்கீடே போய்விடுகிறது. 'ஓ, உங்களுக்கும் அப்படி ஒன்றா, சரி' என்று நகர்ந்துவிடுவார். உடுக்கைப்பாட்டாகப் பாடும் அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் பாண்டவர்களின் அம்சம். அந்தக் கதை கேட்டு வளர்ந்த காதில் அவதாரம் என்ற சொல் விழுந்தால், தெய்வ அம்சம் கொண்ட ஒரு வீரன் என்றுதான் பொருள் ஏறும்.

எதிர்த்தரப்பில் பெரியவர்கள் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. 1920களில் சென்னையின் கிறிஸ்தவச் சிந்தனையாளர் வெங்கல் சக்கரை இயேசுவை அவதாரம் என்றே எழுதினார். 1950இல் தென்னிந்தியத் திருச்சபையின் கோவைப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகக் காட்டியவர். அவரும் இந்தச் சொல்லைத் தள்ளிவிடவில்லை. நம் மக்களுக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும் என்ற அவர்களுடைய தவிப்பை மதிக்கிறேன். ஆனால் சக்கரை 'நிலையான அவதாரம்' என்று விளக்க வேண்டியிருந்தது. அப்பாசாமி 'ஒரே அவதாரம்', 'முழுமையான அவதாரம்' என்று அடைமொழி சேர்க்க வேண்டியிருந்தது. இத்தனை முட்டுக் கொடுத்தால்தான் நிற்கும் என்றால், அந்தச் சொல் இந்தப் பொருளுக்கு உரியதன்று. அவர்களாவது முட்டுக் கொடுத்தார்கள். இன்று தட்டி அடிப்பவர் அடைமொழியை விட்டுவிட்டு அவதாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

சரி, வடசொல்லை விட்டுவிட்டுத் தமிழில் சொல்கிறோம் என்று சிலர் 'மனுவுருவெடுத்தல்' என்கிறார்கள். எனக்கு இது அவதாரத்தைவிடக் கூடுதலாக உறுத்துகிறது. உரு எடுத்தல் என்றால் கூத்தில் வேடம் கட்டுவது போல, விடிந்தால் கலைத்துவிடலாம். முதல் நூற்றாண்டிலேயே சபைக்குள் இப்படி ஒரு போதனை நுழைந்தது: கிறிஸ்துவுக்கு உடம்பு இருப்பது போலத் தோன்றியது, உண்மையில் இல்லை என்று. கிரேக்கத்தில் 'தோன்றுதல்' என்ற சொல்லை வைத்து அதற்கு தோசேத்தியம் என்று பெயர். யோவானின் முதல் கடிதம் 'மாம்சத்தில் வந்த' கிறிஸ்து என்று அழுத்திச் சொன்னது இதை எதிர்த்துத்தான். அன்று விரட்டிய கொள்கையை இன்று தூய தமிழ் என்ற பெயரில் வாசல் வழியாகவே உள்ளே விடுகிறோம்.

என் தேர்வு 'ஊனாதல்'. ஊன் நல்ல பழந்தமிழ்ச் சொல், சார்க்ஸ் என்பதற்கு அச்சாகப் பொருந்தும். ஆதல் என்னும் வினை, எடுத்தலும் தரித்தலும் அல்லாத மெய்யான மாற்றத்தைச் சொல்லும். திருவாசகத்தில் 'ஊனாகி உயிராகி' என்று மாணிக்கவாசகர் பாடியிருக்கிறார். அங்கே பொருள் வேறு: இறைவன் எல்லா ஊனிலும் கலந்து நிற்பது. இங்கே ஒரு தாயின் வயிற்றில் ஒரே ஊன். ஆனால் இறைவனையும் ஊனையும் 'ஆகி' என்ற சொல்லால் சேர்த்துச் சொல்லத் தமிழுக்குக் கூச்சமில்லை என்பதற்கு அந்த வரி போதும். ஊனாதல் என்றால் 'ஊனம் ஆதல்' என்று கேட்காதா என்று ஒரு நண்பர் கேட்டார். ஊனம் குறை என்னும் பொருளில் வந்த வடசொல். ஊனுக்கும் அதற்கும் உறவில்லை. இருந்தாலும் மேடையில் பேசும்போது அந்தக் குழப்பம் வரும் என்று பயந்தால் 'மனிதராதல்' என்று சொல்லுங்கள். சதையின் அழுத்தம் கொஞ்சம் குறையும், பிழை இராது.

இந்தச் சொல் இன்று படும் பாட்டையும் சொல்லியாக வேண்டும். இயக்குநர் நடித்தால் 'நடிகர் அவதாரம்', பாட்டு எழுதினால் 'பாடலாசிரியர் அவதாரம்', பைக் கம்பெனி நிறத்தை மாற்றினால் 'புதிய அவதாரம்'. இவ்வளவு மலிந்துபோன சொல்லைக் கொண்டுபோய்த் திருச்சபையின் முதன்மையான அறிக்கையில் வைக்கிறோம். பிரசங்க வீடியோவுக்குத் தமிழ் எழுத்து போடுகிறவர்கள் ஒரே உரையில் இன்கார்னேஷனையும் அவதாரம் என்கிறார்கள், ரீஇன்கார்னேஷனை மறு அவதாரம் என்கிறார்கள். பின்னதற்கு மறுபிறவி என்ற சொல் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அகராதியில் முதலில் வருவதை அப்படியே ஒட்டும் பழக்கம்தான் இதெல்லாம்.

தட்டி எழுதுகிறவர்களுக்கு ஊனாதல் வேண்டாம். 'இயேசு பிறந்தார்' என்று போடுங்கள். இடமும் மிச்சம், பொருளும் சரி. வேதபாட நூலும் ஞாயிறு பள்ளிப் பாடமும் எழுதுகிறவர்கள் மட்டும், அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் அவதாரம் வரும் இடங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்து மாற்றிவிடுங்கள்.