65 வயதில் வரும் கடிதத்தைப் பிரித்துப் பாருங்கள்

இங்கிலாந்தில் வாழும் ஆண்களுக்கு 65 வயது நிறையும் ஆண்டில் தேசிய சுகாதார சேவையிலிருந்து ஒரு கடிதம் வரும். இதயத்திலிருந்து வரும் ரத்தத்தை வயிறு வழியாகக் கொண்டுசெல்லும் பெரிய ரத்தக்குழாயான வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கும் இலவச ஸ்கேனுக்கான அழைப்பு அது. நம் அப்பாக்கள் பலர், "எனக்கு ஒரு வலியும் இல்லையே" என்று அதை மின்கட்டண ரசீதுகளோடு இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். வலி இல்லாததுதான் இந்த நோயின் ஆபத்தே. வீங்கிய தமனி வெடித்துவிட்டால் பத்தில் எட்டுப் பேர் பிழைப்பதில்லை.

ஸ்கேனுக்குப் பதினைந்து நிமிடம்கூட ஆகாது. சட்டையை மேலே தூக்கிவிட்டுப் படுத்தால், வயிற்றில் குளிர்ச்சியான ஜெல்லைத் தடவிக் கருவியை நகர்த்திப் பார்ப்பார்கள். ஊசி கிடையாது. முடிவை அங்கேயே சொல்லிவிடுவார்கள். தமனியின் அகலம் 3 செ.மீ.க்குக் குறைவென்றால், மறுபடி அழைப்பே வராது. 3 முதல் 4.4 வரை என்றால் ஆண்டுக்கு ஒருமுறையும், 4.5 முதல் 5.4 வரை என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ஸ்கேன்.

5.5 செ.மீ.யைத் தொட்டால் ரத்தநாள அறுவை மருத்துவரிடம் அனுப்புவார்கள். சின்னதாக இருக்கும்போதே அறுத்துச் சரிசெய்தால் என்ன என்று வீட்டில் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். சிறிய வீக்கம் வெடிக்கும் வாய்ப்பைவிட அறுவை சிகிச்சையின் ஆபத்து பெரிது. அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள். அலட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம்.

அறுவை சிகிச்சை இரண்டு வகை. வயிற்றைத் திறந்து, வீங்கிய பகுதிக்குப் பதிலாகச் செயற்கைக் குழாயைத் தைப்பது ஒன்று. தொடை இடுக்குத் தமனி வழியாக ஸ்டென்ட் என்ற உலோக வலைச் சட்டம் பொருத்திய குழாயை உள்ளே செலுத்துவது மற்றொன்று. இரண்டாவதில் சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் குழாய் இடம் நகர்ந்ததா, கசிகிறதா என்று பின்னாளிலும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எதுவானாலும் தேசிய சுகாதார சேவையில் கட்டணம் இல்லை.

கார் ஓட்டுபவர்கள் கவனிக்க: வீக்கம் 6 செ.மீ.யை எட்டினால் ஓட்டுநர் உரிம அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். 6.5 ஆகிவிட்டால் வண்டியைத் தொடக் கூடாது.

குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்திருந்தால்தான் கடிதம் வரும். 65 வயதைத் தாண்டியும் ஸ்கேன் எடுக்காதவர்கள் உள்ளூர்ப் பரிசோதனை மையத்தை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து நேரம் கேட்கலாம். பெண்களுக்கு அழைப்பு வராது. ஆனால் தங்கள் அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த வீக்கம் இருந்திருந்தால், அம்மாவும் அக்காவும் அதைக் குடும்ப மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் அவரே ஸ்கேனுக்கு அனுப்புவார்.