எஞ்சின் நின்ற பின் எஞ்சும் உயரம்

2015 மார்ச் 5 அன்று, கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிக்கா விமான நிலையத்திலிருந்து ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு தம்முடைய சிறு விமானத்தில் தனியாகப் புறப்பட்டார். ரயன் பி.டி.-22 என்ற அந்தத் திறந்த இருக்கைப் பயிற்சி விமானமும் அவரைப் போலவே 1942-இல் பிறந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி உயரத்தை எட்டியபோது எஞ்சின் சக்தியை இழந்தது. ஓடுபாதைக்குத் திரும்ப இடப்புறம் வளைந்தவர், அதுவரை போய்ச் சேர முடியாது என்று கண்டதும் அருகிலிருந்த கோல்ஃப் மைதானத்தை நோக்கி இறங்கினார். வழியில் ஒரு மரத்தின் உச்சியில் மோதிய விமானம் தரையில் வந்து விழுந்தது. படுகாயங்களுடன் அவர் உயிர் தப்பினார்.

எஞ்சின் நின்றுவிட்டால் விமானம் கல்லைப் போல விழுந்துவிடுவதில்லை. செஸ்னா 172 போன்ற சிறு விமானம், காற்றில்லாத வேளையில், 1,000 அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ 9,000 அடி முன்னோக்கி மிதந்து செல்லும். ஆனால் அதுவரை எஞ்சின் தந்துவந்த வேகத்தை இனி உயரத்தைச் செலவழித்துத்தான் வாங்க வேண்டும். மேலேறும் விமானத்தின் மூக்கு நிமிர்ந்திருப்பதால், உந்துவிசை அற்றதும் வேகம் சில நொடிகளில் கரைந்துவிடுகிறது. ஆகவே தரை அவ்வளவு அருகில் இருக்கும்போதும் விமானி உடனே மூக்கைத் தாழ்த்தியாக வேண்டும். மனம் அதற்கு எளிதில் இணங்காது.

புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்புவது அதைவிடக் கடினம். விமானம் 45 பாகை சாய்ந்து, உயரம் குலையாமல் வளைய வேண்டுமானால், இறக்கைகள் அதன் எடையைப் போல் 1.41 மடங்கு விசையைத் தர வேண்டும். இறக்கையின் மேல் காற்றோட்டம் பிரிந்து ஏற்றவிசை குலையும் வேக வரம்பும் சுமார் 19 சதவீதம் உயர்ந்துவிடுகிறது. அரைவட்டம் மட்டும் போதாது; வளையும்போது விமானம் பக்கவாட்டில் விலகிவிடுவதால், ஓடுபாதையின் நேருக்கு வர இன்னும் திரும்ப வேண்டும். அவசரத்தில் சாய்வைக் கூட்டி மூக்கையும் இழுத்தால், ஒரு பக்க இறக்கை முதலில் ஏற்றவிசையை இழந்து விமானம் சுழலத் தொடங்கும். அதிலிருந்து மீள அங்கே உயரம் இராது. தாழ்ந்த உயரத்தில் எஞ்சின் நின்றால் எதிரே தெரியும் திறந்தவெளியில் இறங்கு என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஃபோர்டு தொடங்கிய திருப்பத்தைப் பிடிவாதமாகத் தொடராமல் கைவிட்டதே, என் பார்வையில், அன்றைய முக்கியமான முடிவு.

எஞ்சின் ஏன் சோர்ந்தது? பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரில், பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள சிறு திருகு போன்ற பாகத்தை மெக்கானிக்குகள் 'ஜெட்' என்பார்கள். ஃபோர்டின் விமானத்தில் முதன்மை ஜெட் தன் இருக்கையிலிருந்து கழன்று 90 பாகை திரும்பியிருந்ததை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடைக்கணக்கில் ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். ஜெட் கழன்றதால் பெட்ரோல் மிகுதியாகப் பாய்ந்து, கலவை சரியாக எரியாமல் போயிற்று. சோக்கைத் தள்ளிவிட மறந்த பழைய பைக் இருமி இருமி நிற்பதும் இதே கதைதான். ஜெட் ஒரே நாளில் கழன்றிருக்காது, காலப்போக்கில் மெல்லத் தளர்ந்திருக்கும் என்பது வாரியத்தின் கணிப்பு.

அறிக்கையில் இன்னொரு குறிப்பும் உண்டு. விமானியின் தோள்பட்டை வார், வலுவூட்டப்படாத மெல்லிய அலுமினிய இருக்கை முதுகின் கீழ்ப்பகுதியில் பொருத்தப்பட்டிருந்தது. காயங்கள் கடுமையானதில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.