கொடுத்த பிரதியும் விற்ற பிரதியும்

சொந்தமாகப் புத்தகம் போட்டவரிடம் "எத்தனை பிரதி போயிருக்கு?" என்று கேட்டால் சட்டென்று ஒரு எண் வரும். "அதில் எத்தனைக்குப் பணம் வந்திருக்கு?" என்று அடுத்துக் கேட்டால் பேச்சு தடுமாறும். நான் என் புத்தகங்களை நானே பதிப்பித்து விற்கிறேன். மற்றவர்களின் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது, பக்கம் வடிவமைப்பது, அச்சகத்துக்குக் கோப்பு தயார் செய்வது என்று பிழைப்பும் இதைச் சுற்றித்தான். எழுத்து சரியில்லாமல் கையைச் சுட்டுக்கொண்டவர்களைவிட, கணக்கு எழுதாமல் சுட்டுக்கொண்டவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

முதலில் ஒரே ஒரு பிரதியை எடுத்துக்கொள்வோம். முகப்பு விலை 100, அச்சுக்கு 35 ஆகிறது என்று வையுங்கள். கடைக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தால் கைக்கு வருவது 60. அச்சுக்கூலி போக 25 மிஞ்சும். விநியோகஸ்தர் வழியாகப் போனால் 55 சதவீதம்கூடக் கேட்பார்கள், அங்கே மிஞ்சுவது 10. வாசகரிடம் நேராக முழு விலைக்கு விற்றால் 65. எடிட்டிங், அட்டை, பக்க வடிவமைப்பு ஆகியவற்றுக்குக் கொடுத்த பணம் இதில் எதிலும் சேரவில்லை. அது 6,000 என்றும் 300 பிரதி அச்சிட்டதாகவும் கொண்டால் பிரதிக்கு 20 ஏறும். அதுவும் 300-ம் விற்றால்தான். பாதிதான் விற்றது என்றால் விற்ற ஒவ்வொரு பிரதியும் 40-ஐச் சுமக்க வேண்டும், விற்காத பிரதிகளின் அச்சுக்கூலி தனி. ஆக, விநியோகஸ்தர் வழியாகப் போகிற பிரதி 300-ம் விற்றாலும் நஷ்டம், பாதிதான் விற்றால் கடையில் விற்கிற பிரதியும் நஷ்டம்தான். உள்ளூரில் நேரில் விற்பது சுயபதிப்பாளருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

எத்தனை பிரதி அச்சிடுவது என்று கேட்டால் இதே கணக்கைத்தான் காட்டுவேன். மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட் அச்சில் பிளேட், மெஷின் ஓட்டத் தயாராக்கும் செலவு எல்லாம் முதல் பிரதிக்கே ஆகிவிடுகிறது. அதனால் எண்ணிக்கை கூடக்கூட பிரதிக்கு ஆகும் செலவு குறையும். தேவைக்கேற்பச் சில பிரதிகள் மட்டும் அடித்துத் தரும் பிரிண்ட் ஆன் டிமாண்டில் பத்து அடித்தாலும் நூறு அடித்தாலும் பிரதியின் செலவு பெரிதாக மாறாது, ஆனால் தொடக்கத்திலேயே அதிகம். "இன்னும் 500 சேர்த்து அடிச்சா ரேட் குறையும்" என்று அச்சகத்தில் சொல்வது உண்மைதான். விற்காத 500 பிரதியை எந்த அறையில் வைப்பது, கரையானிடமிருந்து யார் காப்பது என்பது அச்சகத்தின் கவலை இல்லை.

சரி, கடைக்கு வருவோம். உள்ளூர்க் கடையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "வெச்சுட்டுப் போங்க, வித்தா பணம் தர்றோம்." இதுதான் கன்சைன்மென்ட். விற்கும்வரை புத்தகம் உங்களுடையது, அலமாரி மட்டும் அவர்களுடையது. விற்காத புத்தகத்தைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அமெரிக்காவில் பரவியது 1930-களின் பொருளாதார மந்தத்தில், பதிப்பாளர்கள் கடைகளை வாங்கவைக்கச் செய்த ஏற்பாடாக. அதன் சுமை இன்றும் பதிப்பாளர் தலையில்தான். நீங்களே பதிப்பாளர் என்பதால் உங்கள் தலையில்.

இந்த ஏற்பாட்டில் தவறு எதுவும் இல்லை. சிறிய கடைக்காரர் முன்பின் தெரியாத புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி வைக்க முடியாது. சிக்கல் எல்லாம் வாய்ப்பேச்சில் விட்டுவிடுவதால் வருவது. பத்துப் பிரதியை மேஜையில் வைத்துவிட்டு, கைகுலுக்கி, படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அன்று பேசிய பையன் வேலையை விட்டிருப்பான். புதிதாக வந்தவர் அலமாரியில் தேடி நாலு பிரதியைக் காட்டுவார். மீதி ஆறு விற்றதா, தொலைந்ததா, கடை இடம் மாறியபோது எந்தப் பெட்டிக்குள் போனது என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் கூச்சம். ஆறு பிரதிக்காகச் சண்டை போட்டால் அடுத்த புத்தகத்தை வாங்கிக்கொள்ள மாட்டார்களோ என்ற பயம் வேறு.

இதற்கு ஒரே ஒரு தாள் போதும். புத்தகத்தின் பெயர், எத்தனை பிரதி, முகப்பு விலை, எத்தனை சதவீதம் கழிவு, கொடுத்த தேதி, எத்தனை நாளுக்கு ஒருமுறை கணக்கு முடிப்பது, தொலைந்தாலோ சேதமானாலோ யார் பொறுப்பு. இதை இரண்டு நகல் எடுத்து, கடையின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்துக் கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்வார் என்று நினைக்கிறீர்கள். அவர் காகிதம், பேனா கொண்டுவரும் கம்பெனிகளிடம் தினமும் இப்படித்தான் கையெழுத்துப் போடுகிறார். நீங்களும் தொழிலாக வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் மரியாதை கூடுமே தவிரக் குறையாது. கடை நொடித்துப் பூட்டப்படும் நாளில் இந்தத் தாளின் அருமை தெரியும். உள்ளே இருக்கும் சரக்கில் கடன்காரர்கள் கை வைக்கும்போது, இந்தப் பத்துப் பிரதி கடையின் சொத்து அல்ல, என்னுடையது என்று காட்ட வேறு எதுவும் இருக்காது.

இன்னொன்று, ஒரே கடையில் இருபது பிரதியைக் கொட்ட வேண்டாம். ஐந்து போதும். விற்றுத் தீர்ந்தால் போய் நிரப்பலாம், அந்தச் சாக்கில் கணக்கும் முடிக்கலாம். போகிறபோது "எத்தனை வித்துச்சு?" என்று கேட்டு நிற்பதைவிட, அலமாரியில் இருப்பதை நீங்களே எண்ணி, கொடுத்ததிலிருந்து கழித்துக்கொள்வது நல்லது. எண்ணும்போது புத்தகத்தின் நிலையையும் பாருங்கள். ஜன்னல் வெயிலில் அட்டை வெளுத்திருக்கும், ஓரம் மடங்கியிருக்கும். கடை அலமாரியில் புத்தகத்தின் முதுகு மட்டும்தான் தெரியும் என்பதையும் அப்போது கவனிப்பீர்கள். மெலிந்த புத்தகங்களில் முதுகில் பெயர் அச்சிடவே இடம் இருக்காது. எவ்வளவு நல்ல அட்டை இருந்தாலும் அலமாரியில் அது ஒரு வெள்ளைக்கோடு. அப்படிப்பட்ட புத்தகத்தை அட்டை தெரிய நிற்கவைக்கும்படி கேட்டுப்பெற வேண்டும்.

அடுத்து இலவசப் பிரதிகள். மேலே போட்ட கணக்கையே பாருங்கள்: ஒரு இலவசப் பிரதிக்கு அச்சுக்கூலி 35. அதை மீட்கக் கடையில் ஒரு பிரதி விற்றால் போதாது, இரண்டு விற்க வேண்டும். கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மதிப்புரை எழுதக்கூடியவர், வாசிப்புக் குழு நடத்துபவர், வகுப்பில் பயன்படுத்தக்கூடிய ஆசிரியர் இவர்களுக்குக் கொடுப்பது விளம்பரச் செலவு, தாராளமாகக் கொடுக்கலாம். "எனக்கொரு காப்பி கிடையாதா?" என்று கேட்கும் உறவுக்காரருக்கும் பழைய சகாவுக்கும் கொடுப்பது அன்பளிப்பு. இரண்டையும் கணக்கு நோட்டில் வேறு வேறு பக்கத்தில் எழுதுங்கள், போதும். யாருக்கு, என்று, எதற்கு. முதல் பதிப்பில் இத்தனைதான் இலவசம் என்று அச்சுக்குப் போகும்முன்பே ஒரு எல்லை போட்டுக்கொண்டால், "ஒதுக்கின காப்பி தீர்ந்துபோச்சு" என்று உண்மையாகவே சொல்லலாம். பீட்டர் ராபிட் என்ற முயல் கதையை எந்தப் பதிப்பகமும் எடுக்காதபோது ஆங்கிலக் குழந்தை எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர் 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் அச்சிட்டது 250 பிரதி. அதை வாங்கியவர்களும் பெற்றவர்களும் முதலில் குடும்பத்தாரும் நண்பர்களும்தான். தெரிந்தவர் வட்டத்தில் தொடங்குவது கௌரவக் குறைச்சல் இல்லை. அந்த வட்டத்தில் யாரிடம் விற்றோம், யாருக்குக் கொடுத்தோம் என்பது தெரியாமல் போவதுதான் குறைச்சல்.

கண்காட்சி, சந்தை, பள்ளி விழா என்று மேஜை போட்டு விற்பதில் எனக்குத் தனிப் பிரியம். காசு உடனே கைக்கு வரும். அதைவிட, வாங்குகிறவர் எப்படி வாங்குகிறார் என்று எதிரில் நின்று பார்க்கலாம். ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான். அட்டையைப் பார்ப்பார், எடுத்துத் திருப்பிப் பின்னட்டை படிப்பார், விலையைத் தேடுவார், நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைப் பிரிப்பார். அவர் பின்னட்டை படிக்கும்போது பேசாதீர்கள். அங்கே வாய் திறந்து கதை சொல்லித்தான் பலர் விற்பனையைக் கெடுக்கிறார்கள். பக்கத்தைப் பிரித்துவிட்டு நிமிர்வார் பாருங்கள், அப்போது ஒரே ஒரு வரி: இது யாருக்கான புத்தகம் என்று. "நீங்களே எழுதினதா?" என்று கேட்டால் பாதி விற்ற மாதிரி. "அப்புறமா வந்து வாங்கிக்கிறேன்" என்றால் பெரும்பாலும் வரமாட்டார். அவரிடம் புத்தக விவரம் உள்ள ஒரு சிறு அட்டையைக் கொடுத்து அனுப்பலாம். கையெழுத்துக் கேட்டால் பெயரை எப்படி எழுதுவது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வாங்கிய பிறகே புத்தகத்தில் பேனா வையுங்கள். பெயர் தப்பாக எழுதிய பிரதியை வேறு யாருக்கும் விற்க முடியாது. மேஜை வாடகை, போக்குவரத்து, அன்று கழிவு கொடுத்த தொகை மூன்றையும் அன்று இரவே எழுதிவிடுங்கள். கல்லாப்பெட்டி நிறைந்த சந்தோஷத்தில் வாடகை மறந்துபோகும்.

நூலகத்தைப் பலர் கடைசியில் நினைக்கிறார்கள். நூலகம் வாங்கினால் ஒரு பிரதியை ஊரே படித்துவிடும், யாரும் வாங்கமாட்டார்கள் என்று பயம். என் அனுபவம் நேர்மாறு. பெயர் தெரியாத எழுத்தாளரைக் காசு கொடுத்து வாங்கத் தயங்குகிறவர் முதலில் எடுத்துப்பார்க்கிற இடம் அதுதான். தவிர, 1946-ல் டென்மார்க் தொடங்கிவைத்த ஏற்பாடு ஒன்று உண்டு: நூலகம் வழியாகப் படிக்கப்படும் புத்தகத்துக்கு எழுத்தாளருக்கு அரசு பணம் கொடுப்பது. இன்று 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் அது இருக்கிறது. பல இடங்களில் நீங்களாகப் பதிவு செய்தால்தான் கிடைக்கும். உங்கள் நாட்டில் உண்டா என்று விசாரியுங்கள். அப்புறம், பல நாடுகளில் தேசிய நூலகத்துக்குப் பிரதி அனுப்புவது பதிப்பாளரின் சட்டக் கடமை. சுயபதிப்பில் பதிப்பாளர் நீங்கள்தான். அந்தப் பிரதிகளுக்கும் நோட்டில் ஒரு வரி.

ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண் பற்றிக் கேட்காதவர் இல்லை. அது பதிப்புரிமைச் சான்றிதழ் இல்லை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் எழுதி முடித்த கணமே உரிமை உங்களுடையது, எந்த எண்ணும் அதற்குத் தேவையில்லை. 2007 ஜனவரி 1 முதல் 13 இலக்கமாக இருக்கும் அந்த எண், கடையும் நூலகமும் ஒரு புத்தகத்தைப் பிழையில்லாமல் அடையாளம் காண்பதற்கானது. அதன் ஒரு பகுதி பதிப்பாளரைக் குறிக்கும். "ஐ.எஸ்.பி.என். இலவசமாகத் தருகிறோம்" என்று சொல்லும் நிறுவனத்திடம் வாங்கினால், உலகப் பட்டியலில் பதிப்பாளர் என்று வருவது பெரும்பாலும் அவர்கள் பெயர். சில நாடுகளில் அரசு அமைப்பே இலவசமாகத் தருகிறது, சில நாடுகளில் காசு. எப்படியானாலும் உங்கள் பெயரில் வாங்குங்கள். காகித அட்டைப் பதிப்புக்கு ஒன்று, கெட்டி அட்டைக்கு வேறு.

உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு "பதிப்பகம்" என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: விற்பனைக் கணக்கை நான் எப்படிச் சரிபார்ப்பது? மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். அண்மைக் காலமாக இன்னொரு வலையும் பரவியிருக்கிறது. உங்கள் புத்தகத்தைப் படித்து உருகிப்போனதாக மின்னஞ்சல் வரும், கதாபாத்திரங்களின் பெயரெல்லாம் சரியாக இருக்கும், ஆயிரக்கணக்கில் உறுப்பினர் உள்ள வாசிப்புக் குழுவில் அறிமுகம் செய்வதாகச் சொல்வார்கள். நாலாவது கடிதத்தில் "பங்கேற்புக் கட்டணம்" வரும். அந்தப் புகழுரை இயந்திரம் எழுதியது, புத்தகத்தை எந்த மனிதரும் திறந்திருக்க மாட்டார். உண்மையான வாசிப்புக் குழு எழுத்தாளரிடம் காசு கேட்காது.

மறுபதிப்பு பற்றி யாராவது கேட்டால் நோட்டைக் கொண்டுவரச் சொல்வேன். பணம் வந்த பிரதி, கடைகளில் நிற்கும் பிரதி, கொடுத்த பிரதி, சேதம் என்று நாலு எண்ணிக்கையும் தெரிந்தால் முடிவு தானாக வந்துவிடும். கையிருப்பு தீர்ந்துவிட்டது என்பதற்காக அச்சகத்துக்கு ஓட வேண்டாம். கடைகளில் நாற்பது பிரதி தூங்கிக்கொண்டிருக்கலாம், முதலில் அதைத் திரும்ப வாங்கி நேரில் விற்றுப் பாருங்கள். எழுத்துப்பிழை திருத்தி மீண்டும் அச்சிட்டால் அதே ஐ.எஸ்.பி.என். போதும். அத்தியாயம் சேர்த்து மாற்றி எழுதினால் அது புதிய பதிப்பு, எண்ணும் புதிதாக வாங்க வேண்டும். பழைய பிரதிகளைப் புதியது கடைக்குப் போகும்முன் திரும்ப எடுத்துவிடுங்கள்.