எஞ்சினைப் பின்னால் தொங்கவிட்ட கார்

திருகோணமலைக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஓட்டோ ஏறும்போது, எஞ்சினும் ஆட்களும் பின்சக்கரங்களைத் தரையோடு அழுத்திக்கொண்டிருப்பார்கள். உந்தித் தள்ளும் சக்கரத்தின்மேல் பாரம் இருந்தால் ரயர் நன்றாகப் பிடிக்கும். 1963இல் பிராங்பேர்ட் கண்காட்சிக்கு வந்த போர்ஷே 911உம் இந்தக் கணக்கை நம்பிய கார்தான். அப்போது அதன் பெயர் 901. நடுவில் பூச்சியம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் தன்னுடையவை என்று பேஜோ நிறுவனம் மறித்ததால் 911 ஆனது.

ஆனால் போர்ஷே எஞ்சினைப் பின்அச்சுக்கும் பின்னால் தொங்கவிட்டது. நம்மூரில் சிலர் இன்னும் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் வொக்ஸ்வாகன் பீட்டிலின் வழிவந்த ஏற்பாடு அது. நேரே வேகமெடுக்கப் பிரமாதம், வளைவில்தான் வில்லங்கம். பாதி வளைவில் பயந்து எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்பக்கம் சாயும், பின்ரயர்களின் பிடி தளரும். எஞ்சினின் எடையோ போன திசையிலேயே போகப் பார்க்கும். பின்பக்கம் வெளியே வீசிக் கார் சுழன்றுவிடும்.

பிறகு வந்த மாற்றங்களில் முக்கியமானவை பலவும் இந்தக் குணத்தை அடக்க எடுத்த முயற்சிகள் என்றே சொல்வேன். 1969 மொடலில் எஞ்சினை இருந்த இடத்திலேயே விட்டு, பின்சக்கரங்களை மட்டும் 57 மில்லிமீற்றர் பின்னே தள்ளினார்கள். பற்றரியையும் இரண்டாக்கி முன்மூலைகளில் வைத்தார்கள்.

அப்புறம் காற்று. சரிந்து இறங்கும் கூரையின் மேல் காற்று வேகமாக ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைந்து, காரின் பின்பக்கம் மேலே இழுபடும். வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுப்பு நான்கு மடங்காகும். நிலாவெளி வீதியில் ஓடும் வேகத்தில் யாருக்கும் இது தெரியப்போவதில்லை. 200 கிலோமீற்றரில் ஓடுபவருக்குத் தெரியும். 1972இல் கரேரா ஆர்எஸ் என்று வந்த 911இன் பின்மூடியில் ஒரு விளிம்பை நிமிர்த்திவிட்டார்கள். வாத்துவால் என்று பெயர்பெற்ற அந்த விளிம்பு காற்றைத் தடுத்து மெதுவாக்க, மூடியின்மேல் அழுத்தம் கூடியது, மேலே இழுக்கும் இழுப்பு குறைந்தது. 1975இன் 911 டேர்போ மொடலில் அது பெரிய தட்டாகவே வளர்ந்தது. எனக்குப் பிடித்தது 1989இல் வந்த தீர்வு: அந்த விளிம்பு 80 கிலோமீற்றர் வேகத்தில் தானாக எழும், மற்ற நேரம் மூடியோடு மூடியாகப் படுத்துக்கிடக்கும். கூரைக்கோடு கெடவில்லை.

1997இல் எஞ்சினைக் குளிர்விக்கும் வேலை காற்றிடமிருந்து தண்ணீருக்குப் போனது. சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்தால் தலைப்பகுதியில் கூடும் சூட்டைக் காற்றால் மட்டும் இறக்குவது கடினம். இரைச்சல், புகை விதிகளும் நெருக்கின. அதே ஆண்டு கைவிட்ட வட்ட முகவிளக்குகள் 2004இல் திரும்பி வந்தன.

2011இல் முன்பின் அச்சுகளின் இடைவெளியை மேலும் 100 மில்லிமீற்றர் நீட்டினார்கள். 2017 பந்தயக் காரில் எஞ்சினைத் தூக்கிப் பின்அச்சுக்கு முன்னாலேயே வைத்துவிட்டார்கள். வீதியில் ஓடும் 911இல் மட்டும் அது இன்னும் பின்னால்தான்.