ரெட் கார்ப்பெட்: ஒரு ரயில், ஒரு விரிப்பு, நம்மிடம் இருக்கும் பழைய சொல்

ரெட் கார்ப்பெட் என்றதும் இன்றைக்கு நம் கண்முன் வருவது ஆஸ்கர் விழாவும், தரையில் புரளும் அங்கியோடு நின்று நின்று படம் எடுத்துக்கொள்ளும் நடிகைகளும்தான். செய்தித்தாள் வாசிப்பவர்களுக்கு "முதலீட்டாளர்களுக்குச் சிவப்புக் கம்பளம்" என்ற தலைப்பும் பழக்கமாகியிருக்கும். ஆனால் 1950களில் நியூயார்க்கில் வாழ்ந்த ஒருவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், சினிமாவைவிட ஒரு ரயில்தான் அவருக்கு முதலில் நினைவுக்கு வந்திருக்கக்கூடும்.

பொருளில் சிக்கல் எதுவும் இல்லை. பெரிய மனிதர்கள் நடந்து வருவதற்காகத் தரையில் விரிக்கும் சிவப்பு விரிப்பு, அதிலிருந்து கிளைத்து, ஒருவருக்குக் காட்டும் தனி மரியாதை. இந்த இரண்டாவது பொருள் ஆங்கிலத்தில் 1930களில்தான் நன்றாகப் புழக்கத்துக்கு வருகிறது. விரிப்பு பழசு, வழக்கு புதுசு. அந்த வழக்கே ட்வென்டியத் செஞ்சுரி லிமிடெட் என்ற ரயிலிலிருந்துதான் பிறந்தது என்று அமெரிக்காவில் பரவலாகச் சொல்வார்கள். பிறந்தது என்று சொல்வது கொஞ்சம் கூடுதல் என்றுதான் நினைக்கிறேன், பரவியதில் அந்த ரயிலுக்குப் பங்கு உண்டு என்றால் சரி. எப்படியானாலும், அந்த ரயிலைத் தெரிந்துகொள்ளாமல், வயதான அமெரிக்கர்கள் இந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர்கள் குரலில் வரும் ஏக்கம் நமக்குப் புரியாது.

நியூயார்க் சென்ட்ரல் என்ற ரயில் கம்பெனி, நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே 1902 ஜூன் 17 அன்று விட்ட ரயில் அது. பெயரில் உள்ள லிமிடெட், கம்பெனிப் பெயர்களில் வரும் லிமிடெட் அல்ல, மிகச் சில ஊர்களில் மட்டும் நிற்கும் வண்டி என்று அர்த்தம். ஏறக்குறைய 960 மைல் தூரத்தை ஆரம்பத்தில் 20 மணி நேரத்தில் கடந்தது. 1938இல் ஹென்றி ட்ரைஃபஸ் என்ற வடிவமைப்பாளர், எஞ்சினின் முகப்பிலிருந்து சாப்பாட்டு மேசையில் வைக்கும் தட்டு வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே கையில் வரைந்து, ரயிலையே புதிதாக ஆக்கினார். அப்போது பயண நேரம் 16 மணியாகக் குறைந்தது. மாலை 6 மணிக்கு நியூயார்க்கில் ஏறினால் மறுநாள் காலை 9 மணிக்குச் சிகாகோ, அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதால் கணக்குச் சரியாக வரும். முதலில் ஹட்சன் ஆற்றை ஒட்டிப் போகும், பிறகு மோஹாக் பள்ளத்தாக்கு, அப்புறம் ஈரி ஏரிக்கரை. போட்டிக் கம்பெனியான பென்சில்வேனியா ரயில்வேயின் வண்டி மலைத்தொடரை ஏறி இறங்க வேண்டியிருக்க, இது நீர்மட்டத்தை ஒட்டியே போனதால் குலுங்காமல் தூங்கலாம் என்று விளம்பரமே செய்தார்கள்.

இந்த வண்டிக்காகத்தான் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் பிளாட்பாரத்தில், ரயிலின் பெயர் பொறித்த சிவப்புக் கம்பளத்தை விரித்தார்கள். ஏதோ ஒரு அதிபர் வரும் நாளில் மட்டும் விரித்து எடுத்ததல்ல, ரயில் கிளம்பும் மாலைதோறும் நடந்த வேலை அது. சினிமா நட்சத்திரங்களும் பெரிய வியாபாரிகளும் அந்த ரயிலில் போனார்கள், உண்மைதான், ஆனால் கூடுதல் கட்டணம் கட்டி டிக்கெட் வாங்கிய யாரானாலும், அவர் சிகாகோவில் தொழில் பார்க்கும் ஒரு சாதாரண விற்பனை மேலாளராக இருந்தாலும், அதே விரிப்பின்மேல்தான் நடந்தார். பரம்பரையும் பட்டமும் இல்லாத ஒருவருக்கு ஒரு மாலைப்பொழுது அந்த மரியாதை கிடைத்தது. ஏறிய பிறகும் அது தொடர்ந்தது: முடிவெட்டிக்கொள்ள ரயிலுக்குள்ளேயே ஒரு கடை, கடிதம் சொல்லி எழுதவைக்க ஒரு செயலர், வெள்ளைத் துணி விரித்த மேசையில் சாப்பாடு, தூங்கப் புல்மன் கம்பெனியின் படுக்கைப் பெட்டியில் தனி அறை. அந்தக் காலத்துப் பயணம் என்று அமெரிக்கர்கள் பெருமூச்சு விடுவது வேகத்துக்காக அல்ல. போகும் வழியில் தங்களை ஒரு மனிதராக மதித்தார்கள் என்பதற்காகத்தான், நான் படித்த நினைவுக்குறிப்புகள் எல்லாவற்றிலும் இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

ரயில் மட்டும் தனியாக இல்லை, அதைச் சுற்றி ஒரு நகரமே இருந்தது. ஐந்து சென்ட் நாணயங்களைத் துளையில் போட்டுக் கைப்பிடியைத் திருப்பினால் சின்னக் கண்ணாடிக் கதவு திறந்து, உள்ளே இருக்கும் பை (pie) என்ற பலகாரத் துண்டை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஹார்ன் அண்ட் ஹார்டார்ட் ஆட்டோமேட் உணவகங்கள், மூன்றாவது அவென்யூவின் மேல் ஓடி 1955இல் நின்றுபோன உயர்பாதை ரயில், 1910இல் திறந்து 1963இல் இடிக்கத் தொடங்கிய பழைய பென்சில்வேனியா நிலையம், தொப்பி இல்லாமல் வீதிக்கு வராத ஆண்கள். நியூயார்க்கின் அந்த நடு நூற்றாண்டை நினைப்பவர்கள் இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் சொல்வார்கள், அந்த வரிசையில் கம்பளமும் தவறாமல் வரும்.

இதையும் சொல்லியே ஆக வேண்டும். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கம்பளத்தின் ஓரமாக நடந்த சிவப்புத் தொப்பிக்காரர்களும், இரவெல்லாம் விழித்திருந்து படுக்கை விரித்துக் காலணிகளைத் துலக்கிவைத்த புல்மன் போர்ட்டர்களும் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலையான அடிமைகளைத்தான் புல்மன் கம்பெனி இந்த வேலைக்கு எடுத்தது. முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரையே வைத்து எல்லாப் போர்ட்டர்களையும் "ஜார்ஜ்" என்று கூப்பிடும் பழக்கம் பயணிகளிடம் இருந்தது, அவரவர் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. மாதம் 400 மணி நேரம் அல்லது 11,000 மைல் வேலை என்பது கணக்கு. 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்து, 12 ஆண்டுகள் போராடி, 1937இல்தான் கம்பெனியோடு முதல் ஒப்பந்தம் போட்டார்கள். நடந்தவரின் நினைவில் கம்பளம் மிருதுவாக இருக்கிறது, அதைச் சுருட்டி எடுத்து வைத்தவரின் நினைவில் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சொல்லின் கதை முழுமையாகும்.

முடிவு வேகமாக வந்தது. 1956இல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம், 1958இலிருந்து ஜெட் விமானங்கள். தனி அறைகள் மட்டுமே இருந்த ரயிலில் 1958இல் சாதாரண இருக்கைப் பெட்டிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 1967 டிசம்பர் 2 அன்று மாலை கடைசியாகக் கிளம்பிய வண்டி, வழியில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டதால் பல மணி நேரம் தாமதமாகச் சிகாகோ போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதத்தில் நியூயார்க் சென்ட்ரல் கம்பெனியே தன் பழைய போட்டியாளருடன் இணைந்தது, 1970இல் இணைந்த கம்பெனியும் திவாலானது. இன்று ஏறக்குறைய அதே தடத்தில், அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் லேக் ஷோர் லிமிடெட் ஓடுகிறது. அது எடுத்துக்கொள்ளும் நேரம் கிட்டத்தட்ட 20 மணி, அதாவது 1902இல் ஆன அதே நேரம். சொல்லை மட்டும் விமானக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன: யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமான நிலைய ஓய்வறைகளுக்கு ரெட் கார்ப்பெட் கிளப் என்று வைத்த பெயர் 2010க்குப் பிறகுதான் மாறியது. அப்புறம் சினிமா. ஹாலிவுட்டில் 1922இல் எகிப்தியன் தியேட்டர் திறப்பிலேயே விரித்திருந்தாலும், 1960களில் ஆஸ்கர் விழாவின் கம்பளம் தொலைக்காட்சி வழியாக வீட்டுக்குள் வந்த பிறகுதான் இந்தச் சொல் முழுக்கச் சினிமாக்காரர்களுக்குச் சொந்தமானது.

இனி விரிப்பின் பழைய கதை. கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறிய ஈஸ்கிலஸின் அகமெம்னான் நாடகத்தில், போர் முடிந்து திரும்பும் அரசனுக்கு அவன் மனைவி செந்நிறத் துணிகளை விரிக்கச் சொல்கிறாள். அவன் கால் வைக்கத் தயங்குகிறான். இது தெய்வங்களுக்கு உரிய மரியாதை, மனிதன் மிதிக்கக் கூடாது என்கிறான், பிறகு மிதிக்கிறான், வீட்டுக்குள் போய்ச் செத்துப்போகிறான். செந்நிறத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்றால், பழைய காலத்தில் நல்ல சிவப்பையும் ஊதாவையும் துணியில் ஏற்றுவது மிகவும் செலவான வேலை. கடல் நத்தைகளிலிருந்தும், பிற்காலத்தில் மெக்சிகோவின் சப்பாத்திக்கள்ளியில் வாழும் பூச்சிகளிலிருந்தும் சாயம் எடுத்தார்கள். அந்தத் துணியைக் காலால் மிதிக்கக் கொடுப்பது செல்வத்தையே மிதிக்கக் கொடுப்பது மாதிரி. கார்ப்பெட் என்ற சொல்லோ இடைக்கால லத்தீனின் கார்ப்பிட்டாவிலிருந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேரில் பறித்தல், பிய்த்தல் என்ற பொருள் இருக்கிறது, பிய்த்தெடுத்த கம்பளியில் செய்தது என்பதால். முதலில் மேசைமேலும் கட்டில்மேலும் போடும் தடித்த துணிக்குத்தான் அந்தப் பெயர், தரைக்கு இறங்கியது பிறகு.

சரி, தமிழில் என்ன சொல்வது?

சிவப்புக் கம்பளம் என்பது நேர் மொழிபெயர்ப்பு, தவறு எதுவும் இல்லை, எல்லோருக்கும் புரிகிறது. செங்கம்பளம் அதைவிடக் கச்சிதம். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் "செங்கம்பள வரவேற்பு" என்று இயல்பாக எழுதுகிறார்கள், தமிழகத்திலும் தாராளமாக எழுதலாம். நிறம் முக்கியமாக இருக்கும் இடங்களில், அதாவது விருது விழா, அரசு முறைப் பயணம் போன்றவற்றில், இதுவே சரியான சொல். இதற்கு முன்பே நம் வழக்கில் "ரத்தினக் கம்பளம் விரித்து வரவேற்றார்கள்" என்பதும் உண்டு. அது பல நிறச் சித்திர வேலை கொண்ட கம்பளம். பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், நிறம் மட்டும் வேறு.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது நடைபாவாடை. பெரியவர்களோ தெய்வத் திருமேனியோ போகும் வழியில் தரையில் விரிக்கும் துணிக்குத் தமிழில் இருக்கும் பெயர் இது. பாவாடை என்றால் இடுப்பில் கட்டுவது என்று மட்டுமே இன்று நினைக்கிறோம். பாவு என்றால் பரப்பு, விரி. கல் பாவிய தரை, விதை பாவுதல், இவற்றில் வருவது அந்தப் பாவுதான். பாவிய ஆடை பாவாடை. கோயில்களில் சோற்றைக் குவித்துப் படைக்கும் அன்னப்பாவாடையிலும் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. நடப்பதற்காகப் பாவியது நடைபாவாடை. யாழ்ப்பாணத்தில் நிலபாவாடை என்பார்கள், திருமணத்திலும் கோயில் ஊர்வலத்திலும் விரிப்பது. இந்த வேலையை ஊர் வழக்கம் வண்ணார் சமூகத்தின்மேல் கட்டாயக் கடமையாகச் சுமத்தியிருந்தது. ஊர்ப் பெரியவர் நடந்துபோக, துணி விரித்தவர் விலகி நின்றார். கிராண்ட் சென்ட்ரலில் ஜார்ஜ் என்று கூப்பிடப்பட்டவர்களின் கதைக்கு இங்கேயும் ஒரு சொந்தம் இருக்கிறது, அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்கும்போது இதையும் தெரிந்தே எடுக்க வேண்டும்.

அப்படித் தெரிந்து எடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. நியூயார்க் பிளாட்பாரத்தில் விரித்ததற்குக் கம்பளம் என்பதைவிட நடைபாவாடை என்பதே பொருந்துகிறது, ஏனென்றால் அது வீட்டு அறையில் கிடக்கும் விரிப்பு அல்ல, ஒருவர் நடந்து போவதற்காகவே விரித்துச் சுருட்டுவது. ஆங்கிலத்தில் ரெட் கார்ப்பெட் ட்ரீட்மெண்ட் என்று சொல்லும் உபசரிப்புக்கோ புதிய சொல்லே வேண்டாம், ராஜ மரியாதை, ராஜ உபசாரம் என்று வீட்டில் பேசும்போதே சொல்லிவிடுகிறோம். "கூடுதல் கட்டணம் கட்டினவங்களுக்கு அந்த ரயில்ல ராஜ மரியாதை" என்றால் யாருக்குப் புரியாது? எழுத்தில் வேண்டுமானால், "நியூயார்க் சென்ட்ரல் தன் பயணிகளுக்கு மாலைதோறும் நடைபாவாடை விரித்தது" என்று எழுதிப் பாருங்கள், நன்றாகவே நிற்கிறது.

ஒன்றே ஒன்று, சிவப்பு நாடாவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அரசாங்கக் கோப்புகளைக் கட்டும் நாடாவிலிருந்து வந்த வேறு சொல், அலுவலகத் தாமதத்தைக் குறிப்பது. தொழில் செய்திகளில் இரண்டையும் ஒரே வரியில் போட்டு "சிவப்பு நாடா போய்ச் சிவப்புக் கம்பளம் வந்தது" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் மட்டும், இரண்டு சிவப்பும் எதிரெதிரே நிற்பதற்காக, சிவப்புக் கம்பளத்தையே வைத்துக்கொள்ளலாம்.