ஆணி இறங்காத சுவரும் ஊர் திரும்பிய கடையும்

தீபாவளிக்கு முந்தைய வாரம், சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் நான்கறை அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் அப்பாவின் படத்தை மாட்ட வேண்டியிருந்தது. சுத்தியலால் ஆணியை நான்கு முறை அடித்தேன். ஆணி வளைந்துவிட்டது. சுவரில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்ததோடு சரி. கீழ்த்தளத்து ஹார்ட்வேர் கடை அங்கிள் வளைந்த ஆணியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஒரு பிளாஸ்டிக் பிளக்கையும் திருகாணியையும் எடுத்து வைத்தார்.

வீட்டு வேலையை நாமே செய்துகொள்ளச் சாமான் விற்கும் பெரிய நிறுவனங்கள் நாடு விட்டு நாடு போய் ஏன் தோற்றன என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்த வளைந்த ஆணியிலேயே இருப்பதாக நினைக்கிறேன்.

மரத்தில் ஆணி அடித்தால் மரத்தின் நார்கள் விலகி வழிவிடுகின்றன. பிறகு திரும்பி வந்து ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அந்த உராய்வுதான் படத்தைத் தாங்குகிறது. கான்கிரீட்டில் விலகுவதற்கு நார் கிடையாது. ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. அழுத்தத்தை எவ்வளவோ தாங்கும் கான்கிரீட், இழுவிசையில் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் தாங்கும். ஹேமர் டிரில் என்ற துளைக்கருவி சுழன்றுகொண்டே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை குத்துகிறது. ஒவ்வொரு குத்திலும் நுண்ணிய விரிசல்கள் விழ, கான்கிரீட் பொடியாகி வெளியே வருகிறது. அந்தத் துளையில் பிளக்கைச் செருகித் திருகாணியை முடுக்கினால், பிளக் விரிந்து துளையின் சுவரை அழுத்துகிறது. இங்கேயும் பிடித்து வைப்பது உராய்வுதான். மரம் தானாகவே தரும் பிடியை இங்கே நாம் பிளக் வைத்து உண்டாக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்கப் புறநகர் வீடு வேறு மாதிரி. பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் நிற்கும், அதன்மேல் அரை அங்குல ஜிப்சம் பலகை. அந்தப் பலகையைக் கத்தியால் கீறி மடக்கினால் நேர்கோட்டில் உடையும். ஒரு சுத்தியல், ஒரு ரம்பம், ஒரு கத்தி இருந்தால் யார் வேண்டுமானாலும் ஓர் அறையையே மாற்றிவிடலாம். கைப்பழக்கம் இல்லாதவருக்கும் அந்த வீடு இடம் கொடுக்கிறது.

அமெரிக்காவின் ஹோம் டிப்போ அந்த வீட்டுக்காகவே பிறந்த கடை. 1978இல் நிறுவனம் தொடங்கியது, அடுத்த ஆண்டே அட்லாண்டாவில் முதல் கடைகள் திறந்தன. இன்று அதன் ஒரு கடை சராசரியாக ஒரு லட்சம் சதுர அடி இருக்கும். நம் நான்கறை வீடுகள் நூற்றை அக்கம்பக்கமாக அடுக்கினால் வரும் பரப்பு அது. இவ்வளவு பெரிய இடத்துக்கு வாடகையும் மின்சாரமும் சம்பளமும் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் அலமாரியில் உள்ள சாமான் சீக்கிரம் விற்று, புதியது வந்து, அதுவும் விற்க வேண்டும். ஒருவர் ஒரே நாளில் பெரிதாக வாங்குவதைவிட, அவரே வருடத்தில் பத்து சனிக்கிழமை வந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதுதான் இந்தக் கடைக்கு உயிர்.

2006இல் ஹோம் டிப்போ சீனாவில் 'ஹோம் வே' என்ற நிறுவனத்தின் 12 கடைகளை வாங்கி அந்த நாட்டுக்குள் நுழைந்தது. அப்போது சீனாவில் வீடு வாங்கும் நடுத்தர வர்க்கம் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. புதிய அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் வெறும் கான்கிரீட் கூடாகத்தான் விற்கப்பட்டன. தரையில் ஓடு கிடையாது, சுவரில் சாயம் கிடையாது, சில வீடுகளில் உள்கதவுகூடக் கிடையாது. ஓடும் சாயமும் கதவும் விற்கும் கடைக்கு இதைவிட நல்ல சந்தை ஏது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 2012 செப்டம்பரில், மிச்சமிருந்த ஏழு பெரிய கடைகளையும் மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. வரிக்குப் பிந்தைய கணக்கில் அந்த வெளியேற்றத்துக்கு மட்டும் 16 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. 'நானே செய்துகொள்கிறேன்' என்பதைவிட 'எனக்குச் செய்துகொடு' என்பதே அந்தச் சந்தையின் போக்கு என்று நிறுவனமே விளக்கம் சொன்னது.

பலர் இதைப் பண்பாடு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இதற்குள் ஒரு மணிக்கணக்கு இருக்கிறது.

ஓர் அறைக்குச் சாயம் பூசப் பழகியவருக்கு 4 மணி நேரம், உங்களுக்கு 10 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். சாயத்தின் விலை இருவருக்கும் ஒன்றுதான். அவர் வாங்கும் மணிக்கூலி, உங்கள் ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் போடும் மதிப்பைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தால்தான் நீங்களே பூசுவது லாபம். அமெரிக்காவில் அது எளிதாக நடக்கும். பூசுபவரின் கட்டணத்தில் அவருடைய வரி, காப்பீடு, நிறுவனச் செலவு எல்லாம் சேர்ந்திருக்கும். அதைக் கொடுக்கும் நீங்களும் வரி கட்டியது போக மிஞ்சிய பணத்திலிருந்துதான் கொடுக்கிறீர்கள். சனிக்கிழமை நீங்களே தூரிகை எடுத்தால் அந்த உழைப்புக்கு யாரும் வரி கேட்பதில்லை. சீன நகரங்களிலோ, கிராமத்திலிருந்து வந்து சாயம் பூசியவரின் ஒரு மணி நேரம் வீட்டுக்காரரின் ஒரு மணி நேரத்தைவிட மலிவாக இருந்தது. அங்கே இரண்டரை மடங்கு என்ற பேச்சே எழாது.

ஆக, வேலை கான்ட்ராக்டரிடம் போகிறது. ஓடும் சாயமும் வாங்குவது அவர். அவர் விலை ஒட்டிய பெரிய கடைக்கு வருவதில்லை. கட்டுமானப் பொருள் மொத்தச் சந்தையில் பேரம் பேசி, கடனும் சொல்லி வாங்குவார். வீட்டுக்காரருக்கு எல்லா வேலையும் ஒரே வீச்சில் முடிந்துவிடும். அதற்கப்புறம் பல ஆண்டுகளுக்கு அவருக்கு ஒரு திருகாணிகூடத் தேவைப்படாது. அந்தப் பத்து சனிக்கிழமைகள் சீனாவில் இல்லவே இல்லை. இதே மாதிரிக் கடையான பிரிட்டனின் பி அண்ட் க்யூ 1999இலேயே அங்கே போய் அறுபதுக்கும் மேற்பட்ட கடைகள் வரை வளர்ந்தது. பிறகு கடைகளைக் குறைத்து, கடைசியில் 70 விழுக்காட்டுப் பங்கை 14 கோடி பவுண்டுக்கு ஒரு சீன நிறுவனத்திடம் கொடுப்பதாக 2014 டிசம்பரில் அறிவித்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) என்ற அரசு அமைப்பு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறோம். கூரை, வெளிச்சுவர், தாழ்வாரம், புல்வெளி எதுவும் நம் பொறுப்பில் இல்லை, நகர மன்றம் பார்த்துக்கொள்கிறது. புல்வெட்டி, வேலி, கூரை ஓடு, மழைநீர்த் தகரம் என்று அமெரிக்கக் கடையில் ஒரு பெரும்பகுதியை நிரப்பும் சாமான்கள் இங்கே பெரும்பாலோருக்கு வேண்டாம். வசந்த காலம்தான் அந்தக் கடைகளுக்கு உச்ச விற்பனை. நமக்கு வசந்தமே கிடையாது.

விதிகளும் வார இறுதிக்காரருக்கு ஏற்றவை அல்ல. சுவர் உடைப்பது, ஓடு பெயர்ப்பது போன்ற இரைச்சல் வேலைகளை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் கூடாது. புது வீட்டில் முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறை ஓட்டைப் பெயர்க்க அனுமதி இல்லை. மின்கம்பி வேலைக்கு உரிமம் பெற்றவர் வேண்டும். இவை நல்ல விதிகள் என்றே சொல்வேன். என் தரை இன்னொருவரின் கூரை, என் குளியலறையில் கசியும் நீர் அவருடைய தலையில்தான் சொட்டும். ஆனால் அலுவலகம் போகிறவர் தன் கையால் வேலை செய்யக் கிடைக்கும் இரண்டு நாள்களில்தான் இங்கே அமைதி காக்க வேண்டியிருக்கிறது. அப்புறம், எட்டடி நீளப் பலகையை எம்ஆர்டி ரயிலில் எப்படிக் கொண்டுவருவது?

இங்கே நிலைக்கும் கடைகளைப் பாருங்கள். ஐக்கியா 1978 முதல் இருக்கிறது. அது விற்பது பலகையும் சிமெண்டும் அல்ல, முடிந்த அறையின் தோற்றம். 2005இல் கோலாலம்பூரில் தொடங்கிய மிஸ்டர் டிஐஒய், கடைத்தொகுதிக்குள் சிறிய இடத்தில் கொக்கியும் பிளக்கும் விற்கிறது. அளவிலும் சரக்கிலும் அது அடுக்குமாடி வீட்டுக்குப் பொருந்துகிறது.

கூலி மலிவான நாட்டுக்கும் விலை அதிகமான நாட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எல்லாம் என்று முதலில் நானும் நினைத்தேன். ஆனால் ஆஸ்திரேலியாவின் பன்னிங்ஸ் கடைகளை நடத்தும் வெஸ்ஃபார்மர்ஸ், 2016இல் பிரிட்டனின் ஹோம்பேஸ் என்ற இதே வகைக் கடைகளை 34 கோடி பவுண்டுக்கு வாங்கி, 2018இல் ஒரே ஒரு பவுண்டுக்கு விற்றுவிட்டு வந்தது. இரண்டு நாட்டிலும் கூலி அதிகம், பேசும் மொழியும் ஒன்று. பிரிட்டன் வாடிக்கையாளர்கள் விரும்பிய மெத்தை, திரைச்சீலை வகைகளை எடுத்துவிட்டுத் தன் ஊர்ச் சரக்கை வைத்ததும் அங்கே நடந்த பிழைகளில் ஒன்று.

எதிர்ப்பக்கத்தில் மெக்சிகோ இருக்கிறது. அங்கே கூலி குறைவு. ஆனாலும் 2001இல் நுழைந்த ஹோம் டிப்போ இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளோடு நிற்கிறது. மெக்சிகோவில் பல குடும்பங்கள் வீட்டை ஒரே மூச்சில் முடிப்பதில்லை. பணம் வரவர ஓர் அறை, பிறகு மாடி, பிறகு மதில் என்று கட்டிக்கொண்டே போகின்றன. சீனாவில் கிடைக்காத அந்தத் திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர், கூலி மலிவான இந்த நாட்டில் கிடைக்க ஒரு வழி இருந்தது.

இது நமக்குப் பழகிய கதைதான். போன ஆண்டு எங்கள் சமையலறை ஓட்டை மாற்ற வந்த அண்ணன் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். மேலே நான் போட்ட மணிக்கணக்கைச் சிங்கப்பூருக்குப் போட்டால், மலிவாக வந்து நிற்பது இவரைப் போன்றவர்களின் மணி நேரம்தான். அதை எழுதும்போது எனக்கு உறுத்தாமல் இல்லை. நான்கு நாளில் நூல் பிடித்தாற்போல ஓடு பதித்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் தேநீர் குடிக்கும்போது ஊரில் கட்டும் வீட்டின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். கீழ்த்தளம் முடிந்து பூச்சு ஆகியிருந்தது. "மாடிக்கு அடுத்த வருசம் பாக்கணும்" என்றார். மொட்டை மாடியில் நான்கு மூலையிலும் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. துரு ஏறாமல் இருக்க அவற்றின்மேல் சிமெண்ட் பால் அடித்து வைத்திருந்தார்.